செபஸ்தியாருக்கு ஒரு கூறைப்பட்டு

அன்று காலை ஃபாதர் வெளியே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

வெளியே பேண்டு செட்காரர்கள் இரண்டாவது பாட்டை முடித்து மூன்றாவதைத் தொடங்கியிருந்தார்கள். மெயின் ரோட்டில், வாழைமரம் கட்டிய வளைவுக்குக் கீழே, செபஸ்தியாரின் அருளிக்கம் வந்த வேன் நின்றுகொண்டிருந்தது. அருளிக்கம் என்றால் புனிதர்களின் உடலிலிருந்து எடுத்துக் காத்துவைத்திருக்கும் சிறு துணுக்கு. இந்தத் தொடரைப் படிக்கிற எல்லாரும் மாதா கோவிலுக்குப் போகிறவர்கள் அல்ல என்பதால் சொல்லிவைக்கிறேன்.

அதை எதிர்கொண்டு வாங்கிவர வேண்டியவர் எங்கள் பங்குச் சாமியார். அவரோ பூசை உடுப்பு அறையில், கண்ணாடி பதித்த பீரோவுக்கு முன்னால், இரண்டு கைகளையும் விரித்தபடி அசையாமல் நின்றார்.

அவர் மேல் ரோஸ் கலரில் ஒரு பட்டு. மிட்டாய் ரோஸ் இல்லை. பன்னீர் ரோஜாவின் உள்ளிதழ் நிறம். மார்பின் நடுவில் மேலிருந்து கீழ்வரை ஜரிகைப் பட்டை. முதுகில் மாங்காய்கள். மொத்தம் நாற்பத்திரண்டு. இரண்டு தடவை எண்ணியிருந்தேன்.

“ஐயா, இது புடவை” என்றார் ஃபாதர்.

“புடவையா இருந்துச்சு. இப்பத் திருவுடை, ஃபாதர்.”

“திரும்புனா முந்தானை தெரியுதுங்கய்யா.”

தெரியத்தான் செய்தது. நான் பேச்சை மாற்ற நினைத்து, மெழுகுதிரிகளில் ஒன்று குறைகிறது என்றேன். அவர் காதில் வாங்கவில்லை.

“கேட் வாசல்ல நாலு பசங்க நிக்கிறாங்க. நான் வெளிய வந்ததும் விசிலடிப்பாங்க. அருளிக்கத்தோட வந்திருக்கிற பெரிய ஃபாதர் என்ன நெனைப்பாரு? அந்த ஊதாவ எடுங்க. தவக்காலந்தானே, யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க.”

ஒருத்தி கேட்பாள். ஊரே ரோட்டுக்குப் போயிருக்க, அவள் மட்டும் கோவிலுக்குள், செபஸ்தியார் சுரூபத்துக்கு, அதாவது அவர் சிலைக்கு, நேரே, மூன்றாவது வரிசையில் கைக்குட்டையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உடுப்பு அறைக் கதவு இடுக்கு வழியாக அவள் தோள் தெரிந்தது.

ஐந்து ஆணி

ஃபாதரை அப்படியே நிற்க வைத்துவிட்டு, நிறங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். போன வாரம் கொடிமரத்துக் கயிற்றின் நீளத்தைத் தவறாக எழுதிவிட்டேன் என்று நான்கு பேர் போன் செய்தார்கள். நான்கு பேரும் நான்கு நீளம் சொன்னார்கள். ஆகையால் இந்த வாரம் ஒவ்வொன்றையும் சரிபார்த்தே எழுதுகிறேன்.

நான் புள்ளியியல் துறையில் இருந்தவன். அன்னவாசல் வட்டாரம், ஆவுடையார்கோவில் வட்டாரம் என்று வயல் வயலாகப் போய், அளந்து கயிறு கட்டி, அதற்குள் விளைந்ததை அறுத்து எடைபோட்டு எழுதுகிற வேலை. ஓய்வு பெற்றதும் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல் வீட்டில் அரிசி டின்னில் எத்தனை படி இருக்கிறது என்று கேட்க ஆரம்பித்தேன். என் மனைவி மூன்றே நாளில் என்னைக் கோவிலுக்குக் கூட்டிப்போய், “ஃபாதர், இவருக்கு ஏதாச்சும் வேலை குடுங்க, இல்லாட்டி நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்” என்றாள். அவளுடைய அம்மா இறந்து வெகுகாலம் ஆகிறது.

அப்படிக் கிடைத்ததுதான் உடுப்பு அறைப் பொறுப்பு. அங்கே சுவரில் ஐந்து ஆணிகள். வெள்ளை, சிவப்பு, பச்சை, ஊதா. கிறிஸ்து பிறப்பு, உயிர்ப்பு, விசுவாசத்துக்காகக் கொல்லப்படாத புனிதர்கள் என்றால் வெள்ளை. குருத்து ஞாயிறு, பெரிய வெள்ளி, தூய ஆவி திருவிழா, விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட வேதசாட்சிகள் என்றால் சிவப்பு. கிறிஸ்துமசுக்கு முந்தைய திருவருகைக் காலத்துக்கும் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்துக்கும் ஊதா. மீதி நாளெல்லாம் பச்சை. அதனால்தான் எந்தக் கோவிலிலும் பச்சைதான் முதலில் நைந்துபோகும். தோள்பட்டையில் வெளுத்து, கொத்துமல்லி வாடின மாதிரி ஆகிவிடும்.

சின்ன வயதில் சிவப்பு உடுப்புக்கு நாங்களாக ஒரு காரணம் வைத்திருந்தோம். ஓரியூருக்குத் திருவிழா பார்க்கப் போய்வருகிறவர்கள் அங்கிருந்து சிவப்பு மண்ணைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வருவார்கள். வேதசாட்சியின் ரத்தம் பட்டுச் சிவந்த மண். அந்த மண்ணைக் கரைத்துத்தான் உடுப்புக்குச் சாயம் ஏற்றுகிறார்கள் என்று நான் நம்பினேன். ஒருமுறை என் வெள்ளைச் சட்டையை அதில் நனைத்துப் பார்த்தேன். சட்டை செங்கல் கலருக்கு வந்தது. என் முதுகு ஊதாக் கலருக்கு வந்தது.

ஐந்தாவது ஆணி காலி. நான் பொறுப்பேற்ற நாளிலிருந்து அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அது ரோஸுக்கான ஆணி. வருடத்துக்கு இரண்டே ஞாயிறு: திருவருகைக் காலத்தில் மூன்றாவது, தவக்காலத்தில் நான்காவது. நோன்புக்கு நடுவே கொஞ்சம் மூச்சுவிடச் சொல்லி வைத்த மகிழ்ச்சி ஞாயிறுகள். அன்று மட்டும் பீடத்தில் பூ வைக்கலாம், வாத்தியம் வாசிக்கலாம், ரோஸ் உடுக்கலாம். எங்கள் பங்கில் யாரும் அதை வாங்கவில்லை. இரண்டு நாளுக்காக எதற்கு ஒரு உடுப்பு என்பார்கள். ஊதாவே போதும் என்று ஓட்டிவிட்டார்கள்.

அவசரத்தில் வேண்டிக்கொண்டது

இனி சகாயமேரி. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். எங்கள் தெருதான், முறைக்கு எனக்கு மகள் மாதிரி. என்னைப் பெரியப்பா என்பாள். அவள் கணவன் ஆரோக்கியம் சவுதியில் லாரி ஓட்டப் போனவன். அங்கே ஒரு விபத்தில் இடது கால் நசுங்கி, எடுத்துவிடலாமா வேண்டாமா என்று டாக்டர்கள் யோசித்துக்கொண்டிருப்பதாகப் போன் வந்தது.

சகாயமேரி போனைக் கீழே வைத்துவிட்டுக் கோவிலுக்கு ஓடினாள். கதவுக்குள் நுழைந்ததும் முதலில் எந்தச் சுரூபம் கண்ணில் பட்டதோ அதன் முன்னால் விழுந்தாள். “என் புருஷன் ரெண்டு காலோட வீட்டுக்கு வந்தா, ஒன் நாள்ல ஒன் பூசைக்கு என் கூறைப்பட்டைக் குடுக்குறேன்” என்று வேண்டிக்கொண்டாள். எழுந்து கண்ணைத் துடைத்துப் பார்த்தபோதுதான் அது செபஸ்தியார் என்று தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் புடவை நேர்ந்துகொள்வது உண்டு. ஆனால் மாதாவுக்கு. மாதாவுக்கு உடுத்திவிட்டால் காரியம் முடிந்தது. செபஸ்தியாரோ மரத்தில் கட்டுண்டு, உடம்பெல்லாம் அம்பு தைத்து, இடுப்பில் ஒரு முழத் துணியோடு நிற்கிறவர். அவருக்குப் புடவையை எங்கே கட்டுவது?

ஆரோக்கியம் இரண்டு காலோடு வந்து சேர்ந்தான். இடது கால் கொஞ்சம் இழுக்கும். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறான். நேர்த்தி மட்டும் பாக்கி.

அப்போதிருந்த ஃபாதர், “மாதாவுக்குக் குடும்மா, எல்லாம் ஒண்ணுதான்” என்றார். “செபஸ்தியார்ட்ட கேட்டுட்டு மாதாகிட்ட குடுத்தா அவரு என்ன நெனைப்பாரு ஃபாதர்?” என்று கேட்டாள் இவள். அடுத்து வந்த ஃபாதர், புடவையைப் பூசை உடுப்பாகத் தைக்கலாம், ஆனால் செபஸ்தியார் வேதசாட்சி, அவர் நாளில் சிவப்புதான் உடுக்க வேண்டும், ரோஸ் முடியாது என்றார். சொன்னது சரிதான். நான் புத்தகத்தில் பார்த்தேன்.

என் மனைவி ஒரு யோசனை சொன்னாள். “செகப்புச் சாயம் போட்டுட்டா என்னத்தா?”

“சாயம் போட்டா அது என் கூறைப்பட்டா பெரியம்மா? வேற எதுவோல்ல.”

 செபஸ்தியார் நாள் சிவப்பு. ரோஸ் ஞாயிறுகள் அவர் நாள் இல்லை. அந்த நிறமும் அந்தப் புனிதரும் காலண்டரில் சந்திக்க வழியே இல்லை. புடவை பீரோவில் பாச்சை உருண்டையோடு கிடந்தது.

ஆரோக்கியம் இதை வைத்துக் கேலி பண்ணிக்கொண்டே இருப்பான். “மாமா, மழை வந்தா என் காலு வலிக்குது. செபஸ்தியாரு வட்டி வாங்குறாரு.” அவள் பக்கத்தில் எது கிடைத்தாலும் எடுத்து எறிவாள்.

ஆனால் விஷயம் கேலியோடு நிற்கவில்லை. அவர்கள் மகள் ஜெனிபர் திருச்சியில் நர்ஸ். புதுக்கோட்டையில் ஒரு நல்ல வரன். பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்துவிட்டது. சகாயமேரி மட்டும் வாய் திறக்கமாட்டாள். நேர்த்தியை நிறுத்திவைத்துக்கொண்டு நல்ல காரியம் பேசமாட்டேன் என்பது அவள் கட்சி. பையனின் அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, கடைசியில் ஆள் அனுப்பிவிட்டார்: ஈஸ்டருக்குள் முடிவு சொல்லாவிட்டால் வேறு இடம் பார்க்கிறோம்.

அந்தச் செய்தி வந்த அன்று ஆரோக்கியம் கேலி பண்ணவில்லை. எங்கள் வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்தி, இறங்காமலேயே என்னைக் கூப்பிட்டான். “அந்தப் புள்ள எங்கிட்டப் போன்ல அழுவுது மாமா. இவகிட்டச் சொல்லவும் பயம்” என்றான்.

நான்காம் ஞாயிறு

செபஸ்தியாரின் அருளிக்கம் ஊர் ஊராக வலம் வருகிறது, எங்கள் பங்குக்கும் வருகிறது என்று தவக்காலம் தொடங்கிய பிறகு அறிவித்தார்கள். தேதியைக் கேட்டதும் எல்லாரும் பந்தல், பேண்டு, சாப்பாடு என்று பேச ஆரம்பித்தார்கள். நான் காலண்டரைப் பார்த்தேன். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனிலிருந்து விரலைவைத்து ஞாயிறுகளை எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. அருளிக்கம் வருவது நான்காவதில்.

நம்பிக்கை இல்லாமல் மறுபடி எண்ணினேன். பிறகு மனைவியைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன். அவளுக்கும் நான்குதான் வந்தது. செருப்பைக்கூட மாட்டாமல் சகாயமேரி வீட்டுக்குப் போனேன்.

அவள் உளுந்து ஊறவைத்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஈரக் கையோடு அப்படியே நின்றாள்.

“ஆனா அது அவரு நாள் இல்லையே பெரியப்பா?”

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அதை நான் யோசிக்கவில்லை. உள்ளேயிருந்து ஆரோக்கியம்தான் குரல் கொடுத்தான். “ஏண்டி, அவரே நேர்ல வீட்டுக்கு வர்ற நாளு அவரு நாளு இல்லாம யாரு நாளுங்கிறேன்?”

 அவள் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பீரோவைத் திறந்தாள்.

அடுத்தது விழாக் கமிட்டி. தலைவர் சூசைராஜ், என் வயதுக்காரர். எங்கள் இருவருக்கும் பள்ளிக்கூடத்திலிருந்தே ஒத்துப்போனதில்லை. “வேதசாட்சி வாராரு, செகப்புதான் போடணும்” என்றார். தவக்காலத்து ஞாயிற்றில் எந்தப் புனிதருக்காகவும் நிறத்தை மாற்ற முடியாது என்று புத்தகத்தை விரித்துக் காட்டினேன். ஊதா, இல்லாவிட்டால் ரோஸ். “ஊதாவுல எதிர்கொண்டா எழவு வீட்டுக்கு வந்த மாதிரில்லப்பா இருக்கும்!” என்றார். “அப்ப ரோஸ்” என்றேன். வாழ்நாளில் முதல்முறையாக என்னோடு ஒத்துப்போக வேண்டி வந்ததில் அவருக்கு அவ்வளவு வருத்தம். புடவையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இது ரோஸ் இல்ல, வெங்காயக் கலரு” என்று ஒரு குத்து குத்தினார். அதோடு விட்டார்.

ஃபாதர் இளைஞர். மணப்பாறைப் பக்கம். சகாயமேரியின் கதையைக் கேட்டதும் உடனே சரி என்றார். அப்போது புடவை புடவையாக மடித்து இருந்தது. அதைத் தன் உடம்பில் அவர் இன்னும் பார்க்கவில்லை.

தைத்துக் கொடுத்தது எங்கள் கன்னியர் மடத்துத் தையல் சிஸ்டர். கத்தரி வைக்கிற அன்று சகாயமேரி வந்தாள். சிஸ்டர் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டுக் கேட்டார்: “இந்த ஓரத்துல ஒரு கறை இருக்கேம்மா, வெட்டிரவா?”

“அது கல்யாணத்தன்னிக்கு இவரு சிந்துன பாயாசம் சிஸ்டர்.”

“அப்ப வெட்டிர்றேன்.”

“ஐயையோ, இருக்கட்டும் சிஸ்டர். உள்பக்கமா மடிச்சுத் தைச்சிருங்க.”

பட்டில் கத்தரி போகிற சத்தம் தனி. அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, மடத்துக் கொய்யா மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கரை, நடுப் பட்டையாக வந்தது. முந்தானை, முதுகாக வந்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் பூசை உடுப்பில் பாயாசம் இருப்பதைத் தெரிந்தே ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

கடுகு

அருளிக்கத்தைப் பற்றியும் ஒரு பழைய கதை இருக்கிறது. நான் சிறுவனாக இருந்தபோது வேறொரு புனிதரின் அருளிக்கத்தைக் காட்ட என் அப்பா என்னைப் பக்கத்துப் பங்குக்குச் சைக்கிளில் வைத்துக் கூட்டிப்போனார். வரிசையில் நின்று நின்று கால் கடுத்தது. வெள்ளியில் சூரியன் மாதிரிக் கதிர்கள் செய்து, நடுவில் வட்டக் கண்ணாடி வைத்திருந்தார்கள். என் முறை வந்தது. கண்ணாடிக்குள் சிவப்புப் பட்டில் கடுகளவு ஏதோ ஒட்டியிருந்தது.

“எங்கேப்பா புனிதரு?” என்று சத்தமாகக் கேட்டேன்.

“அதான்டா.”

“மீதி?”

வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அப்பா தலையில் தட்டினார். அந்த ஃபாதர் மட்டும் குனிந்து, “மீதி ஊரூரா நடந்து போயிட்டு இருக்காரு தம்பி. அவருக்குப் பெரிய குடும்பம், எல்லாரையும் பாக்கணும்ல” என்றார். எனக்கு அது அறிவியல் பூர்வமாகப் படவில்லை. ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம், ஒரு மனிதர் கடுகளவு கடுகளவாகப் பிரிந்தால் எத்தனை ஊருக்குப் போகலாம் என்று கேரியரில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன்.

தாலி கட்டியவன்

ஃபாதரிடம் திரும்பிவிடுகிறேன். பாவம், கையை விரித்தபடியே நிற்கிறார்.

நான் விதி சொல்லிப் பார்த்தேன். இந்த ஞாயிறுக்கு இந்த நிறம் முறையானது என்றேன். “நெறம் சரிங்கய்யா, மாங்காய்?” என்றார். மாங்காய் கூடாது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை என்றேன். “மாங்காய் வரும்னு அவங்களுக்குத் தோணியிருக்காது” என்றார். ஊதா உடுப்பை எடுக்க அவரே ஆணிப் பக்கம் நகர்ந்தார்.

 ஊதா வெளியே போனால் சகாயமேரி ஒரு வார்த்தையும் பேசமாட்டாள், எழுந்து வீட்டுக்குப் போய்விடுவாள், ஈஸ்டர் வந்துவிடும், அந்தப் பெண்ணின் கல்யாணம் போய்விடும். இந்த அருளிக்கம் என் காலத்தில் இன்னொரு தடவை இந்தப் பக்கம் வரப்போவதில்லை. அப்படியே வந்தாலும் நான்காம் ஞாயிற்றில் வரப்போவதில்லை.

அப்போது கதவு தட்டப்பட்டது. ஆரோக்கியம். வேன் வந்து எவ்வளவு நேரமாகிறது, ஏன் தாமதம் என்று கேட்கக் கமிட்டி அனுப்பியிருந்தது. உள்ளே வந்தவன், ஃபாதரை மேலிருந்து கீழாகப் பார்த்தான். சுற்றிப் பின்னால் போய்ப் பார்த்தான்.

“அடேயப்பா. அவ கட்டுனப்பக்கூட இவ்வளவு எடுப்பா இல்ல.”

“ஆரோக்கியம், விளையாடாதீங்க. நான் இதக் கழட்டப் போறேன்.”

“ஏன் ஃபாதர்?”

“வெக்கமா இருக்குங்க.”

ஆரோக்கியம் இழுக்கிற காலைக் கொஞ்சம் முன்னால் வைத்து நின்றான். “ஃபாதர், இந்தப் பட்டுக்குத் தாலி கட்டுனவன் நான். இன்னைக்கு இது ஒங்களோட ஊர்வலம் போகப்போவுது. எனக்கே வெக்கம் இல்ல. ஒங்களுக்கு என்ன?”

ஃபாதர் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தார். தோள் குலுங்கியது. பிறகு வாய்விட்டுச் சிரித்தார். சிரித்ததில் மாங்காயெல்லாம் ஆடின. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கதவத் தெறங்கய்யா” என்றார்.

கேட்டில் பையன்கள் விசிலடித்தார்கள். நான்கு பேர் இல்லை, ஏழு பேர். ஆனால் அதற்குள் பேண்டு செட் உச்சத்துக்குப் போய்விட்டதால் அதுவும் வாத்தியத்தோடு வாத்தியமாகக் கலந்துவிட்டது. வேனிலிருந்து இறங்கிய பெரிய ஃபாதர், ஆயர் இல்லத்திலிருந்து அருளிக்கத்தோடு வந்தவர், எங்கள் ஃபாதரைப் பார்த்து முகம் மலர்ந்தார். “இதுவரைக்கும் பதினோரு பங்குல இருந்திருக்கேன் ஃபாதர். ரோஸ் ஞாயிற நெனைப்பு வச்ச மொத பங்கு இதுதான்!”

பின்னால் நின்ற சூசைராஜ், “கமிட்டி முடிவுங்க ஃபாதர்” என்றார்.

கைக்குட்டைகள்

ஊர்வலத்தில் ஃபாதர் அருளிக்கப் பேழையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார். ரோட்டில் குண்டும் குழியும். விழுந்துவிடுமோ என்று அவருக்குப் பயம். பேழையின் கண்ணாடி கோவில் வரைக்கும் அந்த ஜரிகைப் பட்டையிலேயே பதிந்திருந்தது. கோவிலுக்குள் நுழைந்தபோது நான் சகாயமேரியைப் பார்த்தேன். எழுந்து நின்றிருந்தாள். பார்க்கவேண்டியதைப் பார்த்துவிட்டு உடனே தலையைக் குனிந்துகொண்டாள்.

பூசை முடிந்து, பேழையோடு ஃபாதர் பீடத்துப் படியில் நின்றார். வரிசை தொடங்கியது. எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும் இல்லை. ஆவுடையார்கோவில் பக்கத்திலிருந்து ஒரு மினி பஸ், அன்னவாசல் பக்கத்திலிருந்து இரண்டு வேன். நெற்றியில் திருநீறோடு வந்த குடும்பங்களும் நிறைய. அறுநூறு வரை எண்ணினேன். அதற்கு மேல் ஒரு குழந்தை என் வேட்டியைப் பிடித்து இழுத்ததில் விட்டுப்போனது.

அருளிக்கத்தைத் தொட்டுக் கும்பிடுவது வழக்கம். கைக்குட்டை, துண்டு, ஜெபமாலை என்று எதையாவது கண்ணாடியில் வைத்து எடுத்து, காய்ச்சல்காரன் தலையணைக்கு அடியில் வைப்பார்கள். வரிசை ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆவுடையார்கோவில் பக்கத்து அம்மா ஒருவர் வந்தார். கைக்குட்டையைக் கண்ணாடியில் வைத்தார். பிறகு நகராமல், ஃபாதரின் பட்டு ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“இதுவும் சாமியோட கூடவே வந்ததாங்க?”

 “இல்லம்மா, வந்து...” என்று இழுத்தார் ஃபாதர். அதற்குள் அந்த அம்மா கைக்குட்டையைப் பட்டில் ஒரு தேய்ப்புத் தேய்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதைப் பார்த்துப் பின்னால் வந்தவர் தேய்த்தார். அதற்குப் பின்னால் வந்தவரும். வரிசையின் பாதியில் செய்தி ஓடுவது என் காதில் விழுந்தது: “சாமி உடுத்துன பட்டாம்”, “ரோமாபுரியிலேருந்து வந்திருக்காம்”, “மாங்கா போட்டிருக்கு பாரு, அந்தக் காலத்துலயே!”

எனக்குப் பதறிவிட்டது. பொய் அருளிக்கம் ஒன்றை நாங்களே உண்டாக்கிவிட்டோம் என்று நினைத்தேன். ஓடிப்போய்ப் பெரிய ஃபாதரிடம் மைக்கில் சொல்லச் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டார், “ஏங்கய்யா, ஊர்வலம் பூரா அந்தப் பேழை எங்க இருந்துச்சு?”

“ஃபாதர் மார்புல.”

“அருளிக்கத்துல மூணு வகை. ஒடம்போட பகுதி ஒண்ணு. அவங்க பயன்படுத்துன பொருள் ரெண்டு. அருளிக்கத்தத் தொட்ட பொருள் மூணாவது. அந்தக் கைக்குட்டைங்க எல்லாம் மூணாவது வகை. அப்ப அந்தப் பட்டு?”

நான் யோசித்தேன். கணக்கு சரியாகத்தான் வந்தது. ஆனாலும் ரோமாபுரி என்பது மட்டும் வேண்டாம் என்று மன்றாடியதால், அவர் மைக்கை வாங்கி, அந்தத் திருவுடை இந்தப் பங்கின் ஒரு குடும்பம் நேர்ந்து கொடுத்தது என்று அறிவித்தார். வரிசையில் இருந்தவர்கள் பக்தியோடு கேட்டார்கள். கேட்டுவிட்டுத் தேய்ப்பதைத் தொடர்ந்தார்கள். ஃபாதர் பேழையை உயர்த்திப் பிடித்தபடி, இழுத்த இழுப்புக்கெல்லாம் ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றார்.

வரிசையின் கடைசிப் பகுதியில் சகாயமேரி வந்தாள். முன்னால் போகச் சொல்லிப் பலரும் வழி விட்டார்கள். அவள் போகவில்லை. தன் முறை வந்ததும் கண்ணாடியில் நெற்றியை வைத்தாள். பிறகு, எல்லாரையும் போலவே கைக்குட்டையை விரித்து, அந்த ஜரிகைப் பட்டையில் வைத்து எடுத்தாள்.

என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. “ஏத்தா, ஒன் புடவையத்தானே தொட்டுக் கும்பிடுற?”

“என் புடவையா? அது காலையில வரைக்கும் பெரியப்பா” என்றாள். “இப்ப அவரோடது.”

கைக்குட்டையை நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். கோவில் நடைக்கு வந்து, ஆரோக்கியத்தைத் தேடி, அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அவன் கையிலேயே கொடுத்தாள். “புதுக்கோட்டைக்குப் போடுங்க.”

“இப்பவேவா? பேண்டு சத்தத்துல ஒண்ணும் கேக்காதுடி.”

“இப்பவே.”

தவக்காலத்தில் கல்யாணம் நடத்தக் கூடாது என்று நான் நினைவுபடுத்தினேன். பேசத்தானே போகிறோம் என்று ஒரு பார்வையில் என்னை உட்கார வைத்துவிட்டாள். ஆரோக்கியம் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, வேப்பமரத்தடிக்கு நொண்டிப் போய், ஊருக்கே கேட்கிற குரலில் கத்த ஆரம்பித்தான்.

“சம்மந்தியம்மா, நல்லா இருக்கீங்களா? நான் ஆரோக்கியம் பேசுறேங்க! ஆமாங்க! நேர்த்தி முடிஞ்சிருச்சுங்க! நீங்க எப்ப வேணாலும் இங்கிட்டு வரலாம்! ஆமாங்க, கூறைப்பட்டுதாங்க, கட்டி ஊர்வலமே போயாச்சு! யாரு கட்டுனாவா?”

அவன் கோவில் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

“எங்க ஃபாதருதாங்க!”